வேபரின் வர்க்கக் கோட்பாடு மார்க்ஸுக்கு மறுப்பா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். செவ்வியல் சமூகவியலை ஆசிரியர் துணையின்றி நானாகவே படித்து வருகிறேன். அறிமுக நூல்கள் பெரும்பாலும் ஒரே கருத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: மார்க்ஸ் வர்க்கத்தைப் பொருளாதாரத்துக்குள் அடக்கிவிட்டார், மாக்ஸ் வேபர் அதனோடு சமூக மதிப்பையும் கட்சியையும் சேர்த்து அந்தக் குறையைத் தீர்த்தார், எமில் துர்க்கைமுக்கு வர்க்கத்தைப் பற்றி அக்கறையே இல்லை. மூல நூல்களுக்குள் கொஞ்சம் நுழைந்த பிறகு இந்தச் சுருக்கத்தின் மீது எனக்கிருந்த நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மார்க்ஸும் வேபரும் ‘வர்க்கம்’ என்று சொல்லும்போது ஒரே பொருளைத்தான் குறிக்கிறார்களா? ஓர் ஆலையில் சொந்தமாக இயந்திரம் எதுவும் இல்லாமல், ஆனால் சாதாரணத் தொழிலாளியைவிடப் பல மடங்கு சம்பளம் பெறும் பொறியாளரை எந்த வர்க்கத்தில் வைப்பது? வேபர் மார்க்ஸை மறுக்கிறார் என்று சொல்வது சரிதானா? படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் ஐயம் நியாயமானது. இருவரும் ஒரே பொருளைக் குறிக்கவில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டே காட்டிவிடும். 1848-இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, வர்க்கப் போராட்டங்களை வரிசைப்படுத்தும்போது சுதந்திர மனிதனையும் அடிமையையும்தான் முதலில் நிறுத்துகிறது. வேபரோ அடிமைகளை வர்க்கம் என்று ஏற்பதில்லை. தன்னிடமுள்ள பொருளையோ திறனையோ சந்தைக்குக் கொண்டுவந்து தன் வாழ்க்கை வாய்ப்பைத் தேடிக்கொள்ளும் நிலையில் அடிமை இல்லை என்பதால், கறாராகப் பேசினால் அடிமைகள் ஒரு தகுதிக் குழுவே, அதாவது சமூக மதிப்பின் அடிப்படையில் அமையும் குழுவே, என்கிறார். மார்க்ஸ் கேட்பது, உற்பத்தியில் யாருடைய உழைப்பின் உபரி எவ்வழியாக யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை. வேபர் கேட்பது, சந்தையில் யாருக்கு எத்தகைய வாய்ப்பு இருக்கிறது என்பதை.

பொறியாளரைப் பற்றிய உங்கள் கேள்வி, மார்க்ஸின் எழுத்து அறுந்துபோன இடத்தையே தொடுகிறது. எங்கெல்ஸ் தொகுத்து 1894-இல் வெளியிட்ட ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயம் வர்க்கங்களைப் பற்றியது. கூலித் தொழிலாளர், முதலாளிகள், நிலவுடைமையாளர் ஆகிய மூவரையும் குறிப்பிட்டுவிட்டு, எது வர்க்கத்தை வர்க்கமாக்குகிறது என்று கேட்கிறார் மார்க்ஸ். வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அளவுகோல் என்றால் மருத்துவர்களும் அரசு அதிகாரிகளும்கூடத் தனித்தனி வர்க்கங்களாகிவிடுவார்களே என்று தானே தடையும் எழுப்புகிறார். அதற்குப் பிறகு சில வரிகளிலேயே கையெழுத்துப்படி நின்றுவிடுகிறது. எனினும் அதே தொகுதியில் அவர் மேற்பார்வை உழைப்பைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார். இசைக்குழுவை நடத்துபவர் வாத்தியங்களுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை என்று அங்கே அவர் சொல்லும் உவமையிலிருந்து உங்கள் பொறியாளரைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

வேபருக்கு இதில் சிக்கல் குறைவு. சொத்து உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவே எல்லா வர்க்க நிலைமைகளுக்கும் அடிப்படை என்று ஒப்புக்கொள்ளும் அவர், சொத்தில்லாதவர்களும் சந்தைக்குக் கொண்டுவரும் திறனைப் பொறுத்து வேறுபடுவார்கள் என்று சேர்த்துக்கொள்கிறார். பதில் எளிதாகக் கிடைப்பது உண்மை. ஆனால் சந்தையில் எத்தனை விதமான திறன்கள் விலைபோகின்றனவோ அத்தனை வர்க்கங்கள் என்று எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும் இடரும் அதிலேயே இருக்கிறது.

மறுமொழி 2

முதல் மறுமொழியோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வேபரை வர்க்கத்தைப் பற்றிய சில பக்கங்களோடு நிறுத்திவிட்டால் அவருடைய முதன்மையான கேள்வி கைநழுவிப் போகும். புராட்டஸ்டண்ட் அறத்தைப் பற்றி 1904–05-இல் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் ஒரு புல் அறுப்பவரைக் காட்டுகிறார். மோர்கன் என்ற நில அளவைக்கு 1 மார்க் வீதம் நாளொன்றுக்கு இரண்டரை மோர்கன் அறுத்து 2.50 மார்க் ஈட்டுகிறார் அந்த மனிதர். அறுவடையை விரைவுபடுத்த எண்ணிய முதலாளி, கூலியை மோர்கனுக்கு 1.25 மார்க்காக உயர்த்துகிறார். அந்த மனிதர் மூன்று மோர்கன் அறுத்து 3.75 மார்க் பெற்றிருக்கலாம். அவரோ இரண்டு மோர்கனோடு அரிவாளைக் கீழே வைத்துவிடுகிறார், ஏனெனில் அதற்கே பழைய 2.50 மார்க் கிடைத்துவிடுகிறது. அதிகம் ஈட்டுவதைவிடக் குறைவாக உழைப்பதே அவருக்கு உவப்பாக இருக்கிறது. இதைச் சோம்பல் என்று தள்ளிவிடாமல், வேலையைத் தன்னளவிலேயே ஒரு கடமையாகக் கொள்ளும் மனப்பாங்கு இயற்கையாக அமைவதன்று, நெடுங்காலப் பயிற்சியின் விளைவு என்று வாதிடுகிறார் வேபர்.

இந்தக் காட்சியை ‘மூலதனம்’ முதல் தொகுதியின் (1867) கடைசி அத்தியாயத்தில் வரும் இன்னொரு காட்சியோடு சேர்த்துப் படியுங்கள். பீல் என்ற ஆங்கிலேயர் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் நதிக் குடியேற்றத்துக்கு 50,000 பவுண்டு மதிப்புள்ள பொருட்களையும் உழைக்கும் வர்க்கத்தைச் சேர்ந்த 3,000 பேரையும் கொண்டுபோகிறார். போய்ச் சேர்ந்ததும் அவருக்குப் படுக்கை விரிக்கவோ ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வரவோ ஒரு வேலைக்காரர்கூட மிஞ்சவில்லை. நிலம் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் யார் கூலிக்கு நிற்பார்கள்? இங்கிலாந்தின் உற்பத்தி உறவுகளை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டார் என்கிறார் மார்க்ஸ். மூலதனம் பொருட்களின் குவியலாக இருந்தால் பீலுக்கு அந்நிலை வந்திருக்காது. வேறு வழியில்லாததால் உழைப்புச் சக்தியை விற்றாக வேண்டிய மனிதர்கள் எதிரே நின்றால்தான் அது மூலதனமாகிறது.

ஆக, மனிதர்கள் எப்படிக் கூலி வேலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்பதை மார்க்ஸும், வேலையையே வாழ்வின் பொருளாக எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதை வேபரும் விளக்குகிறார்கள். ஒன்று மற்றதைத் தள்ளுபடி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால் அக்கட்டுரைகளின் முடிவில் வேபரே மார்க்ஸின் பக்கம் வெகுவாக நெருங்கிவருகிறார். தூய்மைவாதியான புராட்டஸ்டண்ட் தானே விரும்பித் தொழிலில் மூழ்கினார். நாமோ மூழ்கியே தீர வேண்டியிருக்கிறது. வெற்றி பெற்ற முதலாளித்துவத்துக்கு இனி மத நம்பிக்கையின் தாங்கல் தேவையில்லை என்று எழுதுகிறார். 1930-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பால் ‘இரும்புக் கூண்டு’ என்று புகழ்பெற்ற உருவகம் அங்கேதான் வருகிறது. மூல ஜெர்மன் சொல் எஃகைப் போல் இறுகிய கூட்டைக் குறிப்பது. கூண்டுக்கு வெளியே நின்று கம்பிகளைப் பார்க்கலாம், உடலோடு ஒட்டிவிட்ட கூட்டை அப்படிப் பார்க்க முடியாது என்பதால் அந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

மறுமொழி 3

துர்க்கைமுக்கு வர்க்கத்தைப் பற்றி அக்கறை இல்லை என்று எழுதுபவர்கள், உழைப்புப் பிரிவினை பற்றிய அவருடைய 1893-ஆம் ஆண்டு நூலின் மூன்றாம் பகுதி வரை போகவில்லை என்றே நினைக்கிறேன். உயிரிவகை ஒருமைப்பாட்டை, அதாவது வெவ்வேறு வேலை செய்வோர் ஒருவரையொருவர் சார்ந்திருப்பதால் உண்டாகும் பிணைப்பை, விளக்கும் முதல் பகுதியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். மூன்றாம் பகுதியில் ‘வற்புறுத்தப்பட்ட உழைப்புப் பிரிவினை’ என்ற தலைப்பில் அவர் வர்க்கப் போர்களையே நேராக எடுத்துக்கொள்கிறார். பிழைப்புக்காக எந்த விலைக்கும் தன் உழைப்பைக் கொடுத்தாக வேண்டிய ஒரு வர்க்கமும், கையிருப்பு உள்ளதால் காத்திருக்க முடிந்த மற்றொரு வர்க்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் நியாயமானதாக இருக்க முடியாது என்கிறார். பிறப்பாலேயே செல்வரும் ஏழையரும் இருக்கும்வரை அநீதியான ஒப்பந்தங்களும் இருந்தே தீரும் என்பதும் அவர் துணிபு. மார்க்ஸின் சொற்கள் எதையும் கடன் வாங்காமல் அவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதே எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது.

ஆனால் 1902-இல் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், ஒவ்வொரு தொழிலிலும் உள்ளவர்களை ஒன்றிணைக்கும் தொழிற்குழுக்களை அவர் தீர்வாக வைக்கும்போது என்னால் உடன்பட முடியவில்லை. காத்திருக்க முடிந்தவரும் முடியாதவரும் ஒரே குழுவில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அந்த ஏற்றத்தாழ்வு எப்படித் தீரும்?

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாம் மறுமொழியைப் படித்த பிறகு ஒரு பொருத்தம் கண்ணில் பட்டது. வர்க்கங்கள் தாமாகவே சமூகக் கூட்டங்கள் ஆகிவிடுவதில்லை, கூட்டுச் செயலுக்கான அடிப்படையாக மட்டுமே அமையக்கூடும் என்று வேபர் எழுதுவதை மார்க்ஸுக்கான நேரடி மறுப்பாக என் கைநூல் ஒன்று காட்டுகிறது. ஆனால் 1852-இல் மார்க்ஸே பிரான்சின் சிறு விவசாயிகளை ஒரு மூட்டைக்குள் கிடக்கும் உருளைக்கிழங்குகளுக்கு ஒப்பிட்டு, வாழ்நிலையால் அவர்கள் ஒரு வர்க்கம், தம்மிடையே பிணைப்பும் அமைப்பும் இல்லாததால் வர்க்கம் அல்லர் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கங்களையும் வேபரின் பக்கங்களையும் இனி அருகருகே வைத்து மறுபடி படிக்கப் போகிறேன். பொறியாளரை மட்டும் இன்னும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.