அஞ்சு கம்பி பேஸ் கிட்டார் செய்ய யாரை நம்பலாம்?

வணக்கம் மக்களே. ராயபுரத்துல இருக்கேன், சர்ச்லயும் கானா கச்சேரியிலயும் பேஸ் வாசிக்கிறேன். ஆர்டர் கொடுத்து அஞ்சு கம்பி பேஸ் ஒண்ணு செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. யார்கிட்ட கொடுக்கிறதுன்னுதான் தெரியல.

இப்ப கையில இருக்கிறது 34 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்), ஃபேக்டரி பீஸ். நாலு கம்பி கணீர்னு பேசும், லோ பிங்கிற தடிச்ச அஞ்சாவது கம்பி மட்டும் தொளதொளன்னு கிடக்கு. 130 கேஜ் தடிமன் கம்பி போட்டாச்சு, ஆக்‌ஷனை, அதாவது கம்பி நிக்கிற உயரத்தை ஏத்தியாச்சு, பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) உயரத்தையும் மாத்தியாச்சு. ம்ஹூம். போதாததுக்கு கடல் காத்து வேற. மழை ஆரம்பிச்சா நெக், அதான் கிட்டாரோட கழுத்து, வளையும், அஞ்சாவது ஃப்ரெட்ல (கழுத்துமேல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) விர்ருங்கும். நெக்கை நிமித்துற ஆலன் கீ பையிலேயே குடியிருக்கு.

எனக்கு வேணும்ங்கிறது லோ பி இறுக்கமா நிக்க 35 இஞ்ச் ஸ்கேல், வளையாம இருக்க பல மரத்துண்டு ஒட்டின நெக், உள்ளே கார்பன் ராடு, எடை 4 கிலோவுக்குள்ள. பட்ஜெட் 1 லட்சம். கிறிஸ்மஸ் சீசனுக்குள்ள கைக்கு வரணும்.

மவுண்ட் ரோடு கடைங்கள்ல கம்பெனி மாடலைத்தான் காட்டுறாங்க. பெங்களூர்ல ஒருத்தர் முழுப் பணமும் முன்னாடியே கேட்கிறார், வாசிச்சுப் பார்க்க ஒரு பீஸ்கூட இல்லையாம். இங்க ஒருத்தர் அக்கூஸ்டிக் அருமையா செய்றார், ஃப்ரெட் முனை கையில உறுத்தவே இல்ல. ஆனா பேஸ் செஞ்சதில்லை.

ஆர்டர் கொடுத்துச் செஞ்ச அஞ்சு கம்பி பேஸை நம்ம ஊர் ஈரத்துல ஒரு மழைக்காலமாவது வாசிச்சவங்க, அதை யார் செஞ்சாங்கன்னு சொல்றீங்களா?