கண்ணுக்குச் சீரான விளக்கு, கேமராவில் ஊரும் கரும்பட்டைகள்

திருமண மண்டபங்களில் வீடியோ எடுப்பவர்கள் பலரும் இதனைக் கண்டிருப்பார்கள்: கண்ணுக்குச் சீராக எரியும் எல்இடி விளக்குகளின் கீழ், கேமராத் திரையில் மட்டும் குறுக்குவாட்டில் கரும்பட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். முகூர்த்த நேரம் நெருங்கியபோது அப்படித் தெரிந்ததும், என்னுடன் வந்திருந்த தம்பி கேமரா பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டி வேறொன்றை எடுத்து வந்தார். அதிலும் அதே பட்டைகள்தான்.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் இருமுறை பூச்சியத்தைத் தொடுவதால், உள்ளே போதிய கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் உறுப்பு) இல்லாத மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. நொடிக்கு 30 படங்கள், ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்திற்கும் ஒளியை ஏற்கும் நேரம், 1/60 நொடி என்று வைத்திருந்தால், ஒரு படத்திற்குள் ஒன்றே முக்காலுக்கும் சற்றுக் குறைவான துடிப்புகளே அடங்கும். ஒளியைப் பதியும் சென்சாரும் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் பதிவு செய்வதால், சில வரிசைகளுக்கு ஒளி கூடுதலாகவும் சிலவற்றிற்குக் குறைவாகவும் கிடைக்கிறது. ஷட்டரை 1/50 ஆக்கினால் சரியாக இரண்டு துடிப்புகள், 1/100 ஆக்கினால் சரியாக ஒன்று. 1/50 வைத்தவுடன் பட்டைகள் மறைந்தன. பின்னர் மென்பொருளில் சரிசெய்து கொள்ளலாம் என்று விடுவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

கோயில் விழாவில் விட்டுவிட்டுப் பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கு வேறு வகைத் தொல்லை. அதன் மின்னல் மிகக் குறுகிய நேரமே நீடிப்பதால், அந்தக் கணத்தில் ஒளியை ஏற்றுக்கொண்டிருந்த வரிசைகள் மட்டும் வெளுத்து, படத்தின் மேல் பாதி பகலாகவும் கீழ்ப் பாதி இரவாகவும் பதிவாகிவிடுகிறது. புகைப்படக்காரரின் பிளாஷும் இதையே செய்யும். இதற்கு ஷட்டர் கணக்கு எதுவும் உதவுவதில்லை.

* * *

கரும்பட்டைகள் பற்றிய மேற்கண்ட குறிப்பைப் படித்த நான் ஜப்பானின் ஒசாகாவில் வசிக்கிறேன். எங்கள் காரின் முன்கண்ணாடிக் கேமராவில் பதிவான காட்சியில், சாலைச் சந்திப்பின் எல்இடி சிக்னல் சில நொடிகள் முற்றிலும் அணைந்து கிடந்து, பிறகு தானாக உயிர்பெற்றதைக் கண்டு திகைத்தேன். மேற்கு ஜப்பானில் மின்சாரம் 60 சுற்றுகள் என்பதால் சிக்னல் நொடிக்கு 120 முறை துடிக்கிறது. கேமராவோ நொடிக்கு 30 படங்கள். ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக நான்கு துடிப்புகள் கடந்துவிடுவதால், வெயிலில் கேமரா எடுத்துக்கொள்ளும் குறுகிய ஷட்டர் ஒருமுறை இருண்ட கணத்தில் விழுந்தால், அடுத்தடுத்த படங்களும் அதே கணத்திலேயே விழுகின்றன. மின்சாரத்தின் துடிப்பும் கேமராவின் படவேகமும் மெல்ல விலகிய பிறகே விளக்கு தெரிகிறது. விபத்து வழக்கில் எந்த விளக்கு எரிந்தது என்று காட்ட வேண்டிய பதிவு இப்படி இருந்தால் என்ன பயன்? இதற்காகவே இங்கு விற்கும் பல கேமராக்கள் நொடிக்கு 27.5 என்பது போன்ற விநோதமான படவேகத்தில் இயங்குகின்றன. கிழக்கே டோக்கியோவில் 50 சுற்றுகள்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு ஜெர்மானிய இயந்திரங்களும் ஒசாகாவில் அமெரிக்க இயந்திரங்களும் வாங்கப்பட்டதன் விளைவு அது.

* * *

மேடை விளக்குகளுக்கு, திருமண மண்டபக் குறிப்பில் சொல்லப்பட்ட 1/50 ஷட்டர் கணக்கு பல நேரங்களில் பொருந்துவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்இடி பார் (PAR) எனும் மேடை விளக்கை மங்கச் செய்யும்போது, அது பெரும்பாலும் தன்னை மிக வேகமாக அணைத்து ஏற்றியே மங்கலைக் காட்டுகிறது. அந்த வேகத்திற்கும் மின்வாரியத்தின் 50 சுற்றுகளுக்கும் தொடர்பே இல்லை. ஆகவே லைட்மேனிடம் கேட்டு முழு ஒளியில் வைக்கச் சொல்லிவிட்டு, கேமராவில் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) குறைத்துக்கொள்கிறேன். கலப்பு நிறங்களில் ஏதேனும் ஒரு நிறம் பாதி அளவிலேயே எரிய வேண்டியிருப்பதால் அங்கு இந்த வழி செல்லாது. ஷட்டரைச் சிறுசிறு பின்னங்களாக நகர்த்தும் வசதியுள்ள கேமராவில், பட்டை மறையும் வரை திரையைப் பார்த்துக்கொண்டே நகர்த்த வேண்டியதுதான்.