சிக்னல் ஃபுல், ஆனால் ராத்திரியானால் நெட் நகரவில்லை

மாடிவீடு:
ஐந்தாவது மாடி. 4ஜி ரௌட்டரை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், எதிரிலேயே டவர் தெரிகிறது. கோடுகள் எப்போதும் முழுசாக இருக்கின்றன. விடிகாலையில் 20 எம்பிபிஎஸ், ராத்திரி 9 மணிக்கு 2-ஐத் தாண்டாது. ரீசெட் செய்தாயிற்று, சிம்மையும் மாற்றியாயிற்று. பூஸ்டர் வாங்கலாமா?

ஆன்டெனா:
காசை வீணாக்காதீர்கள். பூஸ்டர் பக்கத்து டவரின் தொல்லையையும் சேர்த்தே பெருக்கும். பல நாடுகளில் அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதமும்கூட. ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம், பூஜ்யத்தை நெருங்க நெருங்க அதிகம்), சினர் (தொல்லையோடு ஒப்பிட்டால் சிக்னலின் தெளிவு, அதிகமானால் நல்லது) என இரண்டு எண்கள் இருக்கும். ராத்திரி பார்த்துப் போடுங்கள். பக்கத்து செல்கள் (ஒரு டவர் ஆன்டெனா கவனிக்கும் பகுதிதான் செல்) தெரிந்தால் அதையும்.

மாடிவீடு:
9.10 மணிக்கு: ஆர்எஸ்ஆர்பி -80, சினர் 1. அதே அலைவரிசையில் இன்னொரு செல் -82.

ஆன்டெனா:
அந்த -82தான் தொல்லை தரும் ஆள். கோடுகள் காட்டுவது பலத்தை மட்டும்தான், தெளிவை இல்லை. எல்டிஇ-யில், அதாவது 4ஜியில், அடுத்தடுத்த டவர்கள் ஒரே அலைவரிசையில்தான் பேசும். இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 2 டெசிபல். அந்தச் செல் நிரம்பி வழியும் நேரத்தில் உங்கள் சினரும் 2-க்கு மேல் ஏறாது. விடிகாலையில் அது சும்மா கிடப்பதால் தப்பிக்கிறீர்கள். உயரமான மாடிகளுக்கு இது சாபம், நாலா பக்கமும் டவர் தெரியும். அந்த இரண்டாவது செல்லைச் சுவர் மறைக்கிற இடமாகப் பார்த்து ரௌட்டரை வையுங்கள். கோடு குறைந்தால் பயப்படாதீர்கள்.

மாடிவீடு:
அண்ணே, நம்பவே முடியவில்லை. உள்ளறை அலமாரி மேல் வைத்தேன். ஆர்எஸ்ஆர்பி -93, இரண்டே கோடு, ஆனால் சினர் 13! ராத்திரி 9 எம்பிபிஎஸ் வருகிறது. காலை வேகம் மட்டும் ஏன் இன்னும் எட்டவில்லை?

ஆன்டெனா:
அது வேறு கதை, கூட்டம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள செல்லில் மொத்தமே 100 ரிசோர்ஸ் பிளாக்தான் (டேட்டா போகும் அலைவரிசைத் துண்டுகள்), அதைத்தான் எல்லோருக்கும் பங்குபோட வேண்டும். சினர் 2-லிருந்து 13 ஆனால் ஒவ்வொரு பிளாக்கிலும் கணக்குப்படி மூன்று மடங்கு டேட்டா போகும். ஆனால் பிளாக் எண்ணிக்கை அதிகமாகாது.

குறுக்கே:
ரௌட்டரில் பேண்ட் லாக் (ஒரே அலைவரிசைப் பட்டையில் நிறுத்திவைக்கும் வசதி) இருந்தால் வேறு பேண்டுக்கு மாறிப் பாருங்கள், அங்கே கூட்டம் குறைவாக இருக்கலாம். அப்புறம் புகாரில் 'நெட் ஸ்லோ' என்று மட்டும் எழுதாமல் இந்த -80, -82 இரண்டையும் செல் ஐடியோடு எழுதுங்கள். எட்ட வேண்டாத இடத்தை எட்டும் டவர் ஆன்டெனாவை நிறுவனம் இரண்டு டிகிரி கீழே சாய்த்தாலே சில நேரம் போதும்.

மாடிவீடு:
பேண்ட் லாக் இருக்கிறது. இன்று ராத்திரி 9 மணிக்குப் பார்த்துச் சொல்கிறேன்.