புதுப்பிப்பு: ஆள் நெருங்கினால் ஒளிரும் எல்இடி கோலம் – மினுக்கல் நின்றது

பெங்களூரு அல்சூர் பொங்கல் விழாவுக்குச் செய்யும் ஒளிக்கோலத்தில் எல்இடிகள் கண்டபடி மினுக்குகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

லெவல் ஷிஃப்டர் (சிக்னலின் வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் சிப்) போடச் சொன்னவர் சொன்னதுதான் சரி. கோலத்தில் உள்ள டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டையை 5 வோல்ட்டில் ஓட்டினால் டேட்டா சிக்னலுக்கு 3.5 வோல்ட்டாவது வேண்டும். அதைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பி32 போர்டு தருவதோ 3.3தான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 74ஏஹெச்சிடி125 என்ற லெவல் ஷிஃப்டர் சிப் வாங்கி இரண்டுக்கும் நடுவில் வைத்ததும் மினுக்கல் போயே போச்சு. கெப்பாசிட்டர் (வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் பாகம்) போடச் சொன்ன இன்னொரு யோசனையால் மினுக்கல் குறையவில்லை, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அப்புறம் எதிர்பாராத ஒன்று: பட்டையின் கடைசியில் வெள்ளை செம்மஞ்சளாகத் தெரிந்தது. போகப் போக வோல்ட்டேஜ் குறையும்போது நீலமும் பச்சையும்தான் முதலில் மங்கும். இரண்டு முனையிலும் பவர் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

ஆள் நெருங்குவதை ஒலி அலையின் எதிரொலியால் அறியும் அல்ட்ராசானிக் சென்சார் மட்டும் புடவை கட்டியவர்களைச் சில சமயம் கண்டுகொள்வதில்லை; துணி மடிப்பில் எதிரொலி அமுங்கிவிடுகிறது. அடுத்து லேசர் சென்சார் போட்டுப் பார்க்கிறேன்.