புதுப்பிப்பு: முதல் கச்சேரியைப் பதிந்த கேசட், மங்கல் ஒலி, ஏறிய சுருதி

கைப்பெட்டி ரிக்கார்டரில் பதிந்த சி-90 (90 நிமிட) கேசட் மங்கலாகவும் விட்டுவிட்டும் ஒலிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டை மாற்றச் சொன்ன யோசனைதான்.

டேப்பை ஹெட்டோடு (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டு உதிர்ந்திருந்தது. பழைய கூடு ஸ்குரு இல்லாத ஒட்டுக்கூடு. விளிம்பில் பிளேடு வைத்துப் பிளந்து, இரண்டு சுருளையும் ஸ்குரு போட்ட கேசட் கூட்டுக்கு மாற்றினேன். வழுக்குத் தாள்கள் இரண்டும் உள்ளே இருக்கவேண்டும், இல்லையென்றால் சுருள் உரசும். டேப் இரு மூலை உருளைகளுக்கும் வெளிப்புறமாகப் போகவேண்டும். சி-90 டேப் மெல்லியது, இழுத்தால் நீண்டுவிடும்.

மிச்ச மங்கலுக்கு ஹெட் பக்கத்து அசிமத் ஸ்குரு, அதாவது ஹெட்டின் சாய்வைத் திருத்தும் ஸ்குரு. டால்பியை (இரைச்சல் குறைப்பு) அணைத்து, மோனோவில் கேட்டபடி, ஜால்ராவும் வயலினும் கூர்மையாகும்வரை மிக மெதுவாகத் திருப்பவேண்டும். ஸ்குரு முன்பிருந்த இடத்தைக் குறித்துவைப்பது நல்லது.

எதிர்பாராதது சுருதி. ஒரு கட்டை சுருதியில் பாடுபவர், அரைக் கட்டை ஏறி ஒன்றரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்டது! பதியும்போது பேட்டரி தளர்ந்து மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது, அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அதிர்வெண் படம் பார்த்தால், அரங்க மைக்கில் ஏறிய 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் 53-இல் நிற்கிறது. சரியாக 50-இல் தெரியும் கோடு இப்போது கேசட்டை ஓட்டும் நம் டெக்கின் இரைச்சல், அதை நம்பக்கூடாது. வேகத்தை 5.66 சதவீதம் குறைத்ததும் சுருதி சேர்ந்தது. ஆனால் இது பி பக்கக் கடைசிக்கு மட்டும். ஏ பக்கத் தொடக்கத்தில் விலகல் குறைவு. அதனால் பாட்டுப் பாட்டாக வெட்டித் தனித்தனியே திருத்தவேண்டும்.