ஓய்வுக்குப் பிறகு டிவிடெண்ட் பங்குகள் மட்டும் போதுமா?

மலைக்கோட்டை:
அடுத்த மார்ச்சில் ஓய்வு. தனியார் வேலை என்பதால் பென்ஷன் பெயருக்குத்தான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பு 30 லட்சத்தையும் போட்டுவிடுவேன். அந்த வட்டி, வீட்டு வாடகை எல்லாம் சேர்ந்து வருஷம் 7 லட்சம் வரும். மிச்சம் 25 லட்சத்தைக் கோல் இந்தியா, ஐடிசி, வேதாந்தா மூன்றிலும் போட்டுவிட்டு, டிவிடெண்டை (லாபத்தில் பங்குதாரருக்குக் கம்பெனி தரும் தொகையை) மட்டும் எடுத்துச் செலவு செய்யலாம் என்று திட்டம். பங்கை விற்கவே வேண்டாம். பையனோ, "டிவிடெண்ட் குறைவா இருந்தாலும் விலை ஏறக்கூடிய வளர்ச்சிப் பங்கு வாங்குங்கப்பா, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கலாம்" என்கிறான். உங்கள் கருத்து?

காளையடி:
நான் பையன் கட்சி. கோல் இந்தியா 2010 நவம்பரில் பட்டியலானபோது வெளியீட்டு விலை 245 ரூபாய். பத்து வருஷம் கழித்து, 2020 கடைசியில், 120ஐச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் வந்த டிவிடெண்டையெல்லாம் கூட்டினால் 170 சொச்சம். இதற்குப் பதில் வங்கி வைப்பில் போட்டிருந்தால் பணம் இரட்டித்திருக்கும்.

வேதாந்தா இன்னொரு கதை. 2022-23இல் பங்குக்கு 101.50 ரூபாய் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த நிதியாண்டின் தொடக்கத்தில் 400க்கு மேல் விற்ற பங்கு, முடிவில் 275 பக்கம் வந்துவிட்டது. சுரங்கத் தொழில் கொழித்ததால் மட்டும் கொடுக்கவில்லை சார். லண்டனில் இருக்கும் தாய்க் கம்பெனி கடன் கட்ட வேண்டியிருந்தது. யீல்ட், அதாவது விலையில் டிவிடெண்டின் விகிதம், 30 சதவீதம் என்று ஒரு பட்டியல் காட்டினால், முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

அறுவடை:
தம்பி வசதியாக 2020இல் கணக்கை மூடிவிட்டார். 2024 ஆகஸ்டில் கோல் இந்தியா 500ஐத் தாண்டியதை யார் சொல்வது? 120க்கு வாங்கியவருக்கு இப்போது வருஷம் 20 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வருகிறது. போட்ட பணத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல், வருஷா வருஷம்.

சரி, வளர்ச்சிப் பங்குகளின் செல்லப்பிள்ளை ஏசியன் பெயின்ட்ஸையே எடுப்போம். 2022 ஜனவரியில் விலை 3,500க்கு மேல், அதாவது ஒரு பங்கின் லாபத்தைப்போல 90 மடங்குக்கும் அதிகம். அடுத்த இரண்டு நிதியாண்டும் கம்பெனியின் லாபம் ஏறியது, விலை ஏறவில்லை! 2024 பிப்ரவரியில் போட்டிப் பெயின்டான பிர்லா ஓபஸ் களத்தில் இறங்கியது, அப்புறம் லாபமும் சரிந்தது. 2025 தொடக்கத்தில் விலை 2,200, 2,300. இதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத்தான் மளிகைச் சாமான் வாங்கச் சொல்கிறீர்களா?

காளையடி:
நல்ல கம்பெனியைக் கண்டபடி விலை கொடுத்து வாங்கினால் அடிபடத்தான் செய்யும். அது விலையின் குற்றம், வளர்ச்சியின் குற்றம் இல்லை. ஓசூர் டைட்டனைப் பாருங்கள். தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ கிட்டத்தட்ட 28 சதவீதத்தை விற்காமல் வைத்திருக்கிறது. யீல்ட் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. சென்னை எம்ஆர்எஃப் பங்கின் விலை 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது, அதன் இடைக்கால டிவிடெண்ட் வெறும் 3 ரூபாய்.

அறுவடை:
டிட்கோவுக்கு மாத்திரைச் செலவு கிடையாது.

புதுக்கணக்கு:
நடுவில் ஒரு சந்தேகம். டிவிடெண்ட் அறிவித்ததும் வாங்கி, பெயர் பதிவானதும் மறுநாளே விற்றுவிட்டால் என்ன?

காளையடி:
டிவிடெண்டுக்குப் பெயர் பதிவாகும் தேதியன்று ஏறக்குறைய அதே அளவு விலை இறங்கித்தான் வர்த்தகம் தொடங்கும். உங்கள் பணம் உங்களுக்கே திரும்பி வரும், அதற்கு வரியும் கட்டுவீர்கள்.

வரிக்கணக்கு மீனா:
வரி என்றதும் வந்தேன். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட், வாங்குபவரின் வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப்படி (வருமான அளவுக்கேற்ற வரி விகிதப்படி) வரிக்கு உட்படும். பையன் 30 சதவீத ஸ்லாபில் இருந்தால் அவருக்கு இது பெரிய நஷ்டம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். அவர் அவருக்குப் பொருத்தமானதைத்தான் சொல்கிறார்.

ஆனால் மலைக்கோட்டை சார், உங்கள் கணக்கு தலைகீழ். புதிய வரிமுறையில் 12 லட்சம் வருமானம் வரை வரித் தள்ளுபடி உண்டு. 7 லட்சத்தோடு டிவிடெண்ட் சேர்ந்தாலும் உங்களுக்கு வரி பூஜ்யம். பங்கு விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. டிவிடெண்டில் முன்கூட்டியே வரி பிடிக்காமல் இருக்க உறுதிமொழிப் படிவம் மட்டும் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: பையன் தன் பணத்தை உங்களுக்குக் கொடுத்து நீங்கள் முதலீடு செய்தால், அந்த வருமானம் உங்களுடையதுதான், அவர் வருமானத்தோடு சேராது. அவர் தன் மனைவிக்குக் கொடுத்தால் சேரும்.

காளையடி:
மேடம் சொன்ன வரிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் டிவிடெண்ட் என்பது சம்பளம் இல்லை. 2020 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, 2019-20 லாபத்திலிருந்து எந்த வங்கியும் மேற்கொண்டு டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்று ஒரே சுற்றறிக்கையில் நிறுத்திவிட்டது. வங்கிப் பங்கை நம்பி மாதச் செலவு வைத்திருந்தவர் என்ன செய்திருப்பார்?

அறுவடை:
அதற்கு முந்தின மாதம் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 7,500க்கு விழுந்ததே, அப்போது உங்கள் முறைப்படி விற்றுச் சாப்பிட்டவர் என்ன செய்திருப்பார்? பொதுத்துறைக் கம்பெனிகளுக்கு மத்திய அரசின் விதியே இருக்கிறது. லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிச்சத்தில்) 4 சதவீதம், எது அதிகமோ அதைக் கொடுத்தாக வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் பிடித்திருக்கிறது.

காளையடி:
எனக்குப் பிடிக்காததே அதுதான். 2014 ஜனவரியில் அரசுக் கம்பெனியான கோல் இந்தியா ஒரே தடவையில் 29 ரூபாய் கொடுத்தது. அது பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்க அரசு வழி தேடிக்கொண்டிருந்த நேரம். கம்பெனிக்கு அந்தப் பணம் தேவையா என்று யார் கேட்டார்கள்? பெரும்பங்கு வைத்திருப்பவருக்கு எப்போது தேவையோ அப்போது டிவிடெண்ட். வேதாந்தாவிலும் இதே கதைதான், முதலாளிதான் வேறு.

மலைக்கோட்டை:
எல்லோருக்கும் நன்றி. வேதாந்தா வேண்டாம். கோல் இந்தியா, ஐடிசி இரண்டிலும் சேர்த்து 10 லட்சம். 5 லட்சம் வைப்பு நிதியில், சந்தை விழுந்தால் அதில் கை வைப்பேன். மிச்சம் 10 லட்சம், நிஃப்டியில் உள்ள பங்குகளையே வாங்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில். ஐந்து வருஷத்துக்கு அதைத் தொடுவதாக இல்லை. பையனிடம் சொன்னேன், அரை மனதாகத் தலையாட்டினான்.

அறுவடை:
இண்டெக்ஸ் ஃபண்டுக்கு 10 லட்சம் அதிகம். ஐந்தைக் குறைத்து இன்னொரு டிவிடெண்ட் பங்கு சேருங்கள், மின்சாரம் கடத்தும் பொதுத்துறைக் கம்பெனி பவர்கிரிட் மாதிரி.

காளையடி:
குறைப்பதென்றால் கோல் இந்தியாவில் குறையுங்கள் சார்.