ஒட்டிச் சுற்றும் பெரிய கோள் நட்சத்திரத்துக்குள் விழாதா?

பொம்மனஹள்ளி அப்பா: மகளை பெங்களூரு நேரு கோளரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் 51 பெகாசி பி என்ற கோள், வியாழனில் பாதி எடை, 4.2 நாளில் ஒரு சுற்றாம். புதனுக்கே 88 நாள் ஆகிறதே! விழாதா என்று சில்க் போர்டு போக்குவரத்து நெரிசல் முழுக்கத் துளைத்துவிட்டாள்.

ராத்திரி ஷிஃப்ட்: தொலைவில் பிறந்து உள்ளே வந்தவை என்பதே பெரும்பான்மைக் கருத்து, சார். இளம் நட்சத்திரத்தைச் சுற்றியிருக்கும் வாயுத் தட்டோடு மெல்ல நகர்ந்திருக்கலாம். இல்லை, வேறொரு கோள் தள்ளிவிட்டு, பாதை நீள்வட்டமாகி, நட்சத்திரத்தின் ஓத விசை (கடலில் ஏற்ற இறக்கம் உண்டாக்குவது போன்ற ஈர்ப்பு இழுவை) அதை வட்டமாக்கியிருக்கலாம். எச்டி 80606 பி என்ற கோள் இன்னும் நீள்வட்டத்தில்தான்: 111 நாள் சுற்று, மையப்பிறழ்ச்சி 0.93 (வட்டம் என்றால் 0; 1-ஐ நெருங்க நெருங்கப் பாதை நீளும்). வாஸ்ப்-17 பி-யோ நட்சத்திரம் சுழலும் திசைக்கு எதிராக ஓடுகிறது. சமர்த்தாக நகர்ந்து வந்த கோள் அப்படி ஓடுமா? என் ஓட்டு இரண்டாவதுக்கு.

ஜெயநகர் அக்கா: விழவும் செய்யும், தம்பி. வாஸ்ப்-12 பி-யின் சுற்று 26 மணி நேரம். ஆண்டுக்குச் சுமார் 29 மில்லி விநாடி குறைகிறது.

பொம்மனஹள்ளி அப்பா: அதை எப்படிங்க அளக்கிறார்கள்?

ஜெயநகர் அக்கா: நட்சத்திரத்தை அது மறைக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வருவார்கள். ஆண்டுக்கு 335 சுற்று. குறைவது சேர்ந்து சேர்ந்து, 10 ஆண்டில் 8 நிமிடம் முந்திவிடும். இன்னும் சுமார் 30 லட்சம் ஆண்டு தாங்கும் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.